கொடுவா வயிற்றில் இரண்டு ரப்பர் மீன்: அரியாங்குப்பம் ஆற்றில் தூண்டில் போடுகிறவர்கள் கொஞ்சம் படியுங்கள்

ஆற்றுவாய் (அரியாங்குப்பம்)
ஞாயிறு, இரவு 9.10

நேற்று விடியற்காலை அரியாங்குப்பம் ஆற்றில், முகத்துவாரத்துக்குக் கொஞ்சம் உள்ளே, உயிர் மடவைக் குஞ்சைக் கோத்துப் போட்டிருந்தேன். ஒரு கொடுவா கிடைத்தது. நீளத்தைப் பார்த்து மூன்று கிலோ இருக்கும் என்று நினைத்தேன். தராசில் இரண்டேகால்தான் வந்தது. தலை மட்டும் பெரிதாக, முதுகு ஒட்டிப்போய், பட்டினி கிடந்த மாடு மாதிரி இருந்தது.

வீட்டில் அம்மாதான் மீன் அறுப்பார். "என்னடா இது, வயித்துல கட்டி மாதிரி இருக்கு" என்று கூப்பிட்டார். இரைப்பையைக் கீறினால் உள்ளே இரண்டு ரப்பர் மீன்கள், தூண்டிலில் இரையாகக் கோக்கிற பொம்மை மீன். ஒன்று நாலு விரல் நீளம், வெள்ளை, சப்பட்டை வால். தூண்டில் முள் இல்லை; தலைப்பக்கம் முள் கோத்த கிழிசல் மட்டும் இருந்தது. ஊறி உப்பிப்போய் கையில் பிசுபிசுவென்று ஒட்டியது. இன்னொன்று சின்னது. நிறம் போய், செருப்பின் அடிப்பாகம் போல விறைத்திருந்தது. இரண்டுக்கும் நடுவே ஓர் இறால் தோடு. அதற்கு வேறு சாப்பாடு உள்ளே இல்லை.

என் பெட்டியில் அதே வெள்ளை ரப்பர் மீன் ஆறு இருக்கிறது. வாங்கும்போது எட்டு. காணாமல் போன இரண்டில் ஒன்று இதே ஆற்றில், வீசும்போது முள்ளிலிருந்து கழன்று பறந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்றைக்கு அடுத்ததை எடுத்துக் கோத்துக்கொண்டேன், அவ்வளவுதான். நேற்றிலிருந்து மனசு சரியில்லை.

வேறு யாருக்காவது இப்படிக் கிடைத்திருக்கிறதா? மீனுக்கு இது எவ்வளவு கெடுதல்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ராட்ரீல் பாண்டி
ஞாயிறு, இரவு 9.48

நண்பா, வருத்தம் புரிகிறது. ஆனால் ஒரு மீனை வைத்து முடிவுக்கு வரவேண்டாம். நான் 11 வருடமாகத் தேங்காய்த்திட்டு துறைமுகக் கல் மேலும், தூண்டில் வளைவுகளிலும் (கடல் அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் கொட்டிய கல் வரிசை) நின்று வீசுகிறேன். அறுத்த மீன் எதிலும் இதுவரை ரப்பர் பார்த்ததில்லை.

ஒரு மழை அடித்தால் ஆறு கொண்டுவந்து கொட்டும் கவர், பாட்டில், தெர்மாகோல் எவ்வளவு என்று நமக்குத் தெரியும். அதை விட்டுவிட்டு, வாரத்துக்கு ஒருநாள் நிற்கிற நம் மீது பழியைப் போட்டுக்கொள்வது சரியாகப் படவில்லை. வலைகளையும் சேர்த்துப் பாருங்கள். நம் பங்கு கடுகளவு.

---

பாகூர் விரால்
ஞாயிறு, இரவு 10.05

நான் ஏரியில் விராலுக்கு ரப்பர் தவளைதான் போடுகிறேன். அது உள்ளே காற்றடைத்தது, முள் அதன் உடம்போடு சேர்ந்தே இருக்கும். அவ்வளவு சுலபமாகக் கழலாது. ஆனால் தூண்டில் நரம்பு விஷயம் வேறு. போன தையில் கரைவேல மரத்தில் ஒரு நீர்க்காகம் தொங்கியது. காலிலும் இறக்கையிலும் நைலான் நரம்பு சுற்றி, இறக்கை மூட்டில் தோலை அறுத்து எலும்பு வரை போயிருந்தது. உயிர் இருந்தது. பல்லால் கடித்து நரம்பை அறுத்து எடுத்தோம். மடியில் வைத்திருந்தபோதே செத்துவிட்டது. யாரோ முள்செடியில் மாட்டியதை அறுத்துவிட்டுப் போன நரம்பு அது.

---

முடசலோடை மாணவி
திங்கள், காலை 6.30

நான் பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படிக்கிறேன். ஆற்றுவாய் அண்ணா கேட்டதற்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ரப்பர் மீன் என்று சொன்னாலும் அதில் ரப்பர் இல்லை. பெரும்பாலானவை பி.வி.சி. வீட்டில் தண்ணீர்க் குழாயாக விறைப்பாக இருக்கிற அதே பிளாஸ்டிக்தான். அதை ஜெல்லி போலத் துவள வைக்க எண்ணெய் மாதிரியான மென்மையூட்டியை நிறையக் கலக்கிறார்கள். தாலேட் வகைகள் இதில் பரவலாகப் பயன்பட்டவை. இந்த மென்மையூட்டி பிளாஸ்டிக்கோடு கெட்டியாகப் பிணைந்து நிற்பதில்லை, மெல்ல மெல்லக் கசிந்து வெளியே வரும். வந்துவிட்டால் மிச்சம் விறைத்துப்போகும். நீங்கள் பார்த்த சின்னது அப்படி ஆனதுதான். தாலேட்டுகளில் சில உடம்பின் ஹார்மோன்களைக் குழப்பும் என்பதால் ஐரோப்பாவில் குழந்தைகளின் பொம்மைகளில் அவற்றைக் கட்டுப்படுத்தி வைத்திருக்கிறார்கள்.

கொடுவா இரையைக் கடித்து மெல்லாது. வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சி முழுசாக விழுங்கும். இரைப்பை அமிலம் மீன் முள்ளைக் கரைக்கும், இறால் தோட்டைக் கரைக்கும், பி.வி.சி.யைக் கரைக்காது. இரைப்பையிலிருந்து குடலுக்குப் போகிற வாய் குறுகலானது. அதில் நுழைய முடியாத துண்டு உள்ளேயே தங்கிவிடும். சில மீன்கள் கக்கிவிடும், சில கக்காது. வயிறு நிறைந்த மாதிரியே இருப்பதால் இரை தேடுவதும் குறையும்.

அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் புரூக் டிரவுட் என்ற மீனை வைத்து இதைச் சோதித்திருக்கிறார்கள். ஆய்வு 2009இல் வெளியானது. தொட்டியில் போட்ட பிளாஸ்டிக் இரைகளை மீன்கள் தாமாகவே தின்றன. தின்றவை தீனி எடுப்பதைக் குறைத்து, 90 நாளுக்குள் எடை இழந்தன. 2013இல் அந்த மாநிலச் சட்டமன்றத்தில் இந்த இரைகளுக்குத் தடை கேட்டு ஒரு மசோதாவே வந்தது. தடை வரவில்லை, ஆராய்ந்து அறிக்கை தரச் சொன்னார்கள்.

ராட்ரீல் அண்ணா சொன்னதிலும் உண்மை உண்டு. கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்து ஏரி ஒன்றில் பிடித்த மீன்களைத் திறந்து பார்த்தபோது ஏரி டிரவுட்டில் 2.2 சதவீதத்திலும், சிறுவாய் பாஸில் 3.4 சதவீதத்திலும்தான் பிளாஸ்டிக் இரை இருந்தது. அதனால் எல்லா மீனின் வயிற்றிலும் ரப்பர் இருக்கிறது என்று பயப்பட வேண்டாம். ஆனால் நம் கொடுவா பிறக்கும்போது ஆண். சில வருடம் வளர்ந்து பெரிதான பிறகுதான் பெண்ணாக மாறும். பெரிய இரையை விழுங்குவது பெரிய மீன். முட்டையிடுகிற மீனும் அதுதான்.

---

ராட்ரீல் பாண்டி
திங்கள், காலை 8.15

நன்றி தங்கச்சி. 2, 3 சதவீதம் என்றால் நான் 11 வருடத்தில் பார்க்காமல் இருந்ததும் பொருந்தித்தான் போகிறது. நான் வீட்டுக்குக் கொண்டுவருவதே வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு மீன்தான், அதிலும் இரைப்பையை யாரும் திறந்து பார்ப்பதில்லை. குடலோடு சேர்த்துப் பூனைக்குப் போய்விடும்.

---

தேவனாம்பட்டினத்தான்
திங்கள், மதியம் 2.20

நான் தொழில் பார்க்கிறவன். ஃபைபர் படகு, வலையும் உண்டு, ஆயிரங்கால் தூண்டிலும் (ஒரே நீளக் கயிற்றில் நிறைய முள் கட்டியது) உண்டு. வலைக்காரர்களைப் பற்றி மேலே ஒருவர் சொன்னார். அது உண்மை, அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தாத்தா காலத்தில் தூண்டில் கயிறு எருக்கம் நாரில் திரித்தது என்று அப்பா சொல்வார். வலை பருத்தி நூல், சணப்பு. பட்டைச் சாயத்தில் ஊறப் போட்டுக் காயவைத்தால்தான் அழுகாமல் நிற்கும். அந்த வலை கடலில் தவறிப்போனால் சில மாதத்தில் மக்கிப்போகும். நைலான் வந்தபிறகு சாயமும் இல்லை, காயவைப்பதும் இல்லை. அந்தக் காலத்தில் பெண்டு பிள்ளைகள் எல்லாம் வலையோடு பட்ட பாடு அதனால்தான் குறைந்தது. அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அழுகாத வலை தொலைந்தாலும் அழுகாது.

இரண்டு வருடத்துக்கு முன் கடலூர் முதுநகர் முகத்துவாரத்துக்கு நேர் கிழக்கே, ஒன்பது பாகம் ஆழத்தில் நங்கூரம் தூக்கும்போது பழைய நண்டு வலை ஒன்று சேர்ந்து வந்தது. எவ்வளவு நாள் கிடந்ததோ, பாசி பிடித்துப் பச்சையாகிவிட்டிருந்தது. அதில் ஓட்டு நண்டு, வெறும் கூடு, பாதி அழுகியது, இன்னும் கால் ஆட்டிக்கொண்டிருப்பது, எல்லாம் வரிசையாக இருந்தன. செத்த நண்டின் வாடைக்குத் தின்ன வருவதும் மாட்டிக்கொள்கிறது. யாருக்கும் சோறு போடாமல் அந்த வலை அடியில் தொழில் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. உயிரோடு இருந்த ஏழெட்டை அறுத்து விட்டோம். வலையைக் கரைக்குக் கொண்டுவந்தோம்.

அதனால் தூண்டில் போடுகிற தம்பிகளைவிட எங்களிடம்தான் அதிகம் கிடக்கிறது.

---

ஆற்றுவாய் (அரியாங்குப்பம்)
திங்கள், மாலை 7.00

அண்ணே, நீங்கள் இவ்வளவு திறந்து சொன்னதற்கு வணக்கம்.

கடுகளவு என்ற பேச்சை நேற்றிலிருந்து யோசிக்கிறேன். அளவில் கடுகளவுதான். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் கவருக்குத் தடை இருக்கிறது. அந்தப் பட்டியலில் தூண்டில் சாமான் இல்லை. நியாயம்தான், யாருக்கும் இது தோன்றியிருக்காது. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கவர் காய்கறி போட்டுக்கொள்ளச் செய்தது, மீன் அதைத் தின்றால் அது ஏமாந்துபோய்த் தின்றது. இந்த ரப்பர் மீனை மீன் தின்னவேண்டும் என்றே செய்திருக்கிறார்கள். கண் வைத்து, செதில் மினுக்கம் வைத்து, வால் அடிக்கிற அதிர்வு வைத்து, சிலவற்றில் இறால் வாசனையும் உப்பும் கலந்து. முள்ளில் இருக்கும்வரை அது தூண்டில். கழன்று விழுந்த நிமிஷத்திலிருந்து அது மீனுக்கு வைத்த பிளாஸ்டிக் சாப்பாடு. இதை மட்டும் என்னால் தள்ளிவிட முடியவில்லை.

---

தூண்டில் கடை
திங்கள், இரவு 9.30

புதுச்சேரியில் சின்னதாகத் தூண்டில் சாமான் விற்கிறேன். என் பக்கத்தையும் சொல்கிறேன்.

ரப்பர் மீன் பாக்கெட் 150 ரூபாயிலிருந்து 600 வரை இருக்கிறது. மலிவானவற்றில் என்ன கலந்தது என்று ஒரு வரி கூட அச்சிட்டிருக்காது. முதல் வருடம் நான் பாக்கெட்டைப் பிரித்து, வெவ்வேறு கம்பெனிச் சரக்கைக் கண்ணாடி மாதிரித் தெளிவான ஒரு பிளாஸ்டிக் தட்டில் கலந்து பரப்பி வைத்தேன். சித்திரை வெயில். ஒரு மாதம் கழித்து எடுத்தால் இரண்டு ரகம் ஒன்றோடொன்று ஒட்டி உருகிக் கூழாகிவிட்டன. தட்டின் அடியில் ஒவ்வொரு மீனின் உருவமும் அச்சு எடுத்தது போலப் பள்ளமாகக் குழிந்திருந்தது. அந்த எண்ணெய் கெட்டித் தட்டையே தின்றிருக்கிறது. தட்டை இன்னும் வைத்திருக்கிறேன். வாங்க வருகிற பிள்ளைகளுக்கு எடுத்துக் காட்டுவேன்.

மக்கும் இரை என்று போட்டு வருவதும் உண்டு. பாக்கெட் மூடியைத் திறந்து வைத்தால் காய்ந்து சுருங்கிவிடும், விலையும் கூட. பத்துப் பேரில் ஒருவர்தான் கேட்கிறார்.

ஈயக்குண்டையும் இதோடு சேர்த்துப் பேசவேண்டும் என்பது என் எண்ணம். இங்கிலாந்தில் அன்னப்பறவைகள் ஈயக்குண்டை விழுங்கிச் செத்ததால் 1987லேயே சிறிய ஈயக்குண்டுகளை நிறுத்தினார்கள். சாமான் விற்பவர்களும் தூண்டில்காரர்களும் பிழைத்துத்தான் இருக்கிறார்கள்.

---

முக்குளிப்பான்
செவ்வாய், காலை 5.50

நான் வார இறுதியில் புதுச்சேரிக் கடலில் மூழ்குகிறவன். கரையில் நிற்பவர்களுக்குத் தெரியாத பாதி கீழே இருக்கிறது.

நைலான் நரம்பு தண்ணீரைவிடக் கனம், அறுந்தால் அடியில் போய்ப் படியும். ஃபுளோரோகார்பன் நரம்பு இன்னும் வேகமாகப் போகும். பின்னல் நரம்பு பாலிஎத்திலீன், அது மிதக்கும். அலையோடு போய்ப் படகின் புரொப்பெல்லரிலோ பறவையிலோ சுற்றும். கற்களுக்கு இடையில் நான் பார்ப்பது பெரும்பாலும் நைலான். ஒரு கல்லில் மாட்டிய நரம்பு அடுத்தவர் நரம்பைப் பிடிக்கும். அதன் மேல் அதற்கடுத்தவர் நரம்பு. தலைமுடிச் சிக்கு மாதிரிக் கொத்தாக நிற்கும். அலை ஒவ்வொரு தடவை அசைக்கும்போதும் அது கல்லில் ஒட்டிய கடல்விசிறியை ரம்பம் போல அறுக்கும்.

நைலான் நரம்பு முழுசாக மக்க 600 வருடம் ஆகலாம் என்று அமெரிக்கக் கடல், வளிமண்டல அமைப்பின் (NOAA) ஒரு மதிப்பீடு சொல்கிறது. நைலானைக் கண்டுபிடித்ததே 1935இல்தான். உலகளவில் வருடத்துக்கு எவ்வளவு தொலைகிறது என்று 2019இல் ஒரு கணக்கு வந்தது. வலைகளில் 5.7 சதவீதம், பொறிக்கூடுகளில் 8.6, தூண்டில் நரம்பில் 29. எடையில் வலைதான் மலை. ஆனால் கையில் இருப்பதில் எவ்வளவு பங்கைத் தொலைக்கிறோம் என்று பார்த்தால் தூண்டில்தான் முன்னால் நிற்கிறது.

---

சோனாங்குப்பம் அக்கா
செவ்வாய், காலை 11.15

வலை கட்டுகிற வீடு எங்களுடையது. நண்டு வலையில் நண்டைப் பிரித்து எடுக்கும்போது அவசரத்தில் கண்ணியை அறுத்துத்தான் எடுப்போம். நகம் அளவு, விரல் அளவு நரம்புத் துண்டுகள் மணலில் அப்படியே கிடக்கும், அடுத்த ஏற்றத்தில் தண்ணீருக்குப் போய்விடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். அப்போது வலையைச் சரிபார்ப்பார்கள். கழிக்கிற வலை மலை மாதிரி குவியும். பழைய சாமான்காரர் கயிற்றையும் கெட்டி வலையையும் எடுத்துக்கொள்வார், மெல்லிய நரம்பு வலையைத் தொடமாட்டார். அதைக் கொளுத்துகிறார்கள். அந்தப் புகையில் நின்றால் தொண்டை இரண்டு நாள் எரியும்.

யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை தம்பிகளா. வாங்க ஆள் இருந்தால் ஒரு முழம் கூட மணலில் கிடக்காது.

---

முடசலோடை மாணவி
செவ்வாய், மாலை 6.40

அக்கா, நீங்கள் சொன்ன நரம்பு வலை பெரும்பாலும் நைலான் 6. அதை உருக்கித் திரும்ப நூலாக்க முடியும். கயிறும் இழுவலையும் பாலிஎத்திலீன். இரண்டும் கலந்து, மணலும் ஈயமும் சேர்ந்து போனால்தான் வேண்டாம் என்கிறார்கள். ஈயமணியையும் மிதவையையும் கழற்றி, நரம்பு வலையைத் தனி மூட்டையாகக் கட்டி வைத்தால் வாங்குகிறவரிடம் பேசலாம். தடைக்காலத்துக்கு முன்பே நான் உங்கள் ஊருக்கு வருகிறேன், சேர்ந்து விசாரிப்போம்.

இன்னொரு கேள்வி தனிச்செய்தியில் நாலைந்து பேர் கேட்டார்கள்: அந்தக் கொடுவாவைச் சாப்பிடலாமா என்று. ரப்பர் இரைப்பையில் இருந்தது, அதைக் குடலோடு எடுத்துப் போட்டுவிடுகிறோம். நெத்திலி மாதிரி குடலோடு முழுசாகத் தின்கிற சின்ன மீனில்தான் உள்ளே இருப்பதும் சேர்ந்து நம்மிடம் வருகிறது. ஆனால் அண்ணா கேட்டது மீனுக்கு என்ன ஆகும் என்று. அதுதான் எனக்கும் பெரிய கேள்வி.

---

ராட்ரீல் பாண்டி
செவ்வாய், இரவு 10.20

சரி, நானும் இறங்கி வருகிறேன். வீசுகிறவன் கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். என் அனுபவத்தில் ரப்பர் கழல்வது மூன்று சந்தர்ப்பத்தில்: கிழிந்ததை இன்னும் இரண்டு வீச்சு வரும் என்று போடும்போது, பேத்தை மீன் ரப்பரின் வாலைக் கடித்தெடுக்கும்போது, மீன் அடித்துக் குலுக்கும்போது. முதலாவது முழுக்க நம் சோம்பல்தான். தலையில் திருகுக்கம்பி உள்ள முள்ளில் ஏற்றி, கழுத்தில் ஒரு சொட்டு பசை வைத்தால் மூன்றாவது பெரிய அளவு குறையும். பேத்தை இருக்கிற நேரம் தெரிந்துவிட்டால் ரப்பரைக் கழற்றிவிட்டு உலோகக் கரண்டியோ இறகு கட்டிய முள்ளோ போடலாம். சேவல் கழுத்து இறகு கட்டிய முள்ளுக்குப் பாரை நன்றாகவே அடிக்கும், பழைய ஆட்கள் அதில்தான் பிடித்தார்கள்.

நரம்புக்கு ஒரு வழி. முள் பக்கம் கட்டும் லீடரை மெயின் நரம்பைவிடக் கொஞ்சம் பலம் குறைவாக வையுங்கள். கல்லில் மாட்டினால் முடிச்சுப் பக்கம் அறுந்து ஒரு முழம்தான் போகும், முப்பது மீட்டர் போகாது.

---

பாகூர் விரால்
செவ்வாய், இரவு 10.41

அதில் எனக்கு ஒப்புதல் இல்லை. லீடர் மெலிதாக இருந்தால் பெரிய மீன் அறுத்துக்கொண்டு முள்ளோடும் ரப்பரோடும் போகும். அது இன்னும் மோசம்.

---

ராட்ரீல் பாண்டி
செவ்வாய், இரவு 10.58

கொஞ்சம் குறைவு என்றேன், பாதி என்று சொல்லவில்லை. 30 பவுண்டு பின்னலுக்கு 25 லீடர். மீனுக்கு அது போதும், டிராக் (மீன் இழுக்கும்போது ரீல் நரம்பை விட்டுக்கொடுக்கிற பிடி) சரியாக வைத்திருந்தால். கல்லுக்குத்தான் போதாது. ஏரியில் கல் இல்லை, முள்செடிதான். அங்கே உங்கள் கணக்கு சரியாக இருக்கலாம்.

---

தேவனாம்பட்டினத்தான்
புதன், காலை 4.10

இன்னொன்று. முள்ளை ஆழமாக விழுங்கிய மீனைத் திரும்ப விடுவதாக இருந்தால் இழுத்துப் பிடுங்காதீர்கள். செவுள், குடல் எல்லாம் சேர்ந்து வரும். வாய்க்குள் கையை விட்டு எவ்வளவு கிட்டே முடியுமோ அவ்வளவு கிட்டே நரம்பை அறுங்கள். இரும்பு முள் உப்பில் துருப்பிடித்து இற்றுப்போகும், நிறைய மீன் பிழைத்துக்கொள்ளும். எவர்சில்வர் முள் இற்றுப்போகாது, அதைப் போடாதீர்கள். நரம்பு மட்டும் வெளியே நீளமாகத் தொங்கக்கூடாது.

---

ஆற்றுவாய் (அரியாங்குப்பம்)
அடுத்த ஞாயிறு, மதியம் 1.30

இன்று காலை வற்றத்தில் நாலு பேர் தூண்டில் வளைவுக் கற்களுக்கு இடையில் இறங்கினோம். வழக்கமாகத் தண்ணீருக்குள் இருக்கும் கல்லும் வெளியே தெரிந்தது. முக்குளிப்பான் அண்ணாதான் எந்தக் கொத்தை எங்கே அறுக்கவேண்டும் என்று காட்டினார்.

இரண்டரை மணி நேரத்தில் ஒரு லிட்டர் பாட்டிலில் திணிக்கத் திணிக்க இரண்டு பாட்டில் நரம்பு. ஈயக்குண்டு 41. ரப்பர் துண்டு 14. கழுவி வரிசையாகக் கல்லில் வைத்துப் பார்த்தோம். ஐந்தில் வால் இல்லை. கத்தரிக்கோலால் வெட்டியது போல அரைவட்டமாகப் போயிருந்தது, பேத்தை வாய். இரண்டு முழுசாக இருந்தன, மேலே நெருக்கமாகச் சின்னச்சின்னப் புள்ளி, உப்புத்தாள் தேய்த்த மாதிரி. கொடுவாவின் கீழ்த்தாடையை விரலால் தடவினால் தெரியும் சொரசொரப்பு அதேதான். வாயில் போட்டுப் பார்த்துத் துப்பியிருக்கிறது.

பாட்டில்களைத் தூண்டில் கடை அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். கடை வாசலில் ஒரு டப்பா வைக்கிறார். அறுந்த நரம்பு, கிழிந்த ரப்பர் இரண்டையும் அங்கே போடலாம்.

மாணவி கேட்டுக்கொண்டபடி, இனி யார் மீனை வீட்டுக்குக் கொண்டுபோனாலும் இரைப்பையைத் திறந்து பார்த்து இங்கே ஒரு வரி போடுங்கள். ரப்பர் இல்லை என்றாலும் போடுங்கள், அதுவும் கணக்குத்தான்.

---

ராட்ரீல் பாண்டி
ஞாயிறு, இரவு 8.05

கொடுவா, 1.4 கிலோ, தேங்காய்த்திட்டு. இரைப்பையில் இரண்டு வெள்ளை இறால், பாதி கரைந்த ஒரு மடவை. ரப்பர் இல்லை.

---

பாகூர் விரால்
ஞாயிறு, இரவு 8.50

விரால், 900 கிராம். ஒரு தவளை, நிஜத் தவளை. வேறு எதுவும் இல்லை.

---

தேவனாம்பட்டினத்தான்
திங்கள், காலை 9.15

கிழங்கா 30, பாரை 6. எல்லாவற்றையும் வீட்டில் அறுத்தே பார்த்தோம். ஒரு பாரையில், 600 கிராம் இருக்கும், பச்சை நிற ரப்பர் வால் ஒன்று, சுண்டுவிரல் நகம் நீளம். தண்ணீரில் போட்டு எடுத்து வைத்திருக்கிறேன். பரங்கிப்பேட்டை பிள்ளை வரும்போது கொடுக்கிறேன்.